சமூகவியலும் சர்வதேச உறவுகளும் சேர்த்துப் படிக்கலாமா?

முதலில் கேள்வியை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் திருப்பூர் மாணவர். அரசுப் பள்ளி, தமிழ் வழி, ப்ளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சமூகவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த பி.ஏ. ஒன்று ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதாம், கட்டணம் ஆண்டுக்குச் சில லட்சம். இவருக்கு ஆசை. அப்பாவோ, "ஊர்க் கதையும் உலகக் கதையும் டீக்கடையிலேயே ஓசியில கிடைக்குதே, அதுக்கு எதுக்கு லட்சம்?" என்கிறாராம். சேரலாமா என்று கேட்கிறார்.

மேலுக்கு இது 'சேரலாமா' என்கிற ஒரே கேள்வி. உள்ளே மூன்று இருக்கின்றன. இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? தமிழ் வழியில் வந்தவனால் தாக்குப்பிடிக்க முடியுமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? மூன்றாவதுதான் கஷ்டமானது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நானும் தமிழ் வழிதான். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் சமூகவியல், தமிழ்நாட்டில். அப்புறம் டெல்லியில் சர்வதேச உறவுகளில் எம்.ஃபில். இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் சமூகவியல் நடத்தினேன். அயலுறவு என்று பெயர் வந்த எந்த விருப்பப் பாடமும் "உங்களுக்குத்தான் சார் அது தெரியும்" என்று என் தலையில்தான் விழும். அதனால் இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. வெளிநாட்டில் நான் படித்ததில்லை, அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் படியுங்கள், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் சமூகவியல், பிறகு சர்வதேச உறவுகள். அந்தக் கூட்டுப் பட்டத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்ல உங்களை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

2011-ல் எம்.ஏ. மாணவர்கள் பதினான்கு பேரை அங்கே களப்பணிக்கு அழைத்துப்போனேன். கையில் அச்சடித்த வினாத்தாள், நான்கு பக்கம், நாங்களே உட்கார்ந்து தயாரித்தது. விடியற்காலையில் விசைப்படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. இறாலை ஒரு பக்கம், நண்டு, கணவாயை ஒரு பக்கம், கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தை ஒரு பக்கம் என்று ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவி ஒருத்தி படகிலிருந்து இறங்கிய ஒருவரிடம் போய் வினாத்தாளின் ஏழாவது கேள்வியைக் கேட்டாள்: "அண்ணே, உங்க மாச வருமானம் எவ்வளவு?" அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மாசமா? மாசக் கணக்கெல்லாம் உங்க சாருக்கும்மா. எங்களுக்குத் தொழில் கணக்குதான்."

அந்தக் கரையில் தொழில் என்றால் மீன்பிடி. கடலுக்குப் போவதைத் 'தொழிலுக்குப் போறது' என்பார்கள். மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் படகுக்காரருக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஒரு பங்கு. மிஞ்சாவிட்டால் பங்கும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் தடைக்காலம் வேறு. அப்போது 45 நாள், 2017-லிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இப்படி வாழ்கிறவரிடம் போய் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டத்தை நீட்டினோம். அன்று மத்தியானமே ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு, "கடைசியாகப் போய்வந்த தொழிலில் எவ்வளவு பங்கு வந்தது, அதற்கு முந்தியதில் எவ்வளவு" என்று கையால் எழுதிக்கொண்டோம். சமூகவியல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றும் அந்த ஏழாவது கேள்வியைத்தான் சொல்வேன். நம் கட்டத்துக்குள் அவரை அடைக்காமல் அவருடைய கணக்கு என்ன என்று கண்டுபிடிப்பது.

சரி, இதில் சர்வதேச உறவு எங்கே வந்தது? அதே ஆள் கரையேறிய கையோடு, "நேத்து ராத்திரி நேவிக்காரன் விரட்டிட்டான்" என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வினாத்தாள் போதாது, ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுத்தன. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு போட்டபோது, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று கடிதப் பரிமாற்றத்தில் எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது பிரிவில் மீன்பிடி உரிமை அடக்கமா, தீவில் இறங்கி வலை உலர்த்தும் உரிமை மட்டுமா, 1976 கடிதம் அதைத் தொடுகிறதா இல்லையா என்று வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் படித்து, எது எழுதியிருக்கிறது, எது எழுதியிருப்பதாக மேடையில் சொல்லப்படுகிறது என்று பிரிக்கக் கற்பதுதான் சர்வதேச உறவுகள் வகுப்பின் முதல் பயிற்சி.

இங்கேதான் கொடியை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்று தப்பிப்போகிறது. டிவியில் இது இந்திய மீனவர், இலங்கைக் கடற்படை என்று இரண்டு பேர் கதை. கரையில் போய்க் கேட்டால் குறைந்தது ஐந்து பேர். இந்தப் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர், அதில் பங்குக்குப் போகிறவர், அதே கடலில் நாட்டுப்படகில் போய் விசைப்படகால் தன் வலையை இழந்தவர். அந்தப் பக்கம் கடற்படை. அப்புறம் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையின் தமிழ் மீனவர். 1983-க்குப் பிறகு போர்க்காலத் தடைகளால் அவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக முடியாமல் கரையில் முடங்கினார்கள். அந்த வருடங்களில் கடலடியை வாரி இழுக்கும் வலை போடுகிற நம் இழுவைமடிப் படகுகள் அந்தப் பக்கத்து இறாலுக்குப் பழகிவிட்டன. 2009-ல் போர் முடிந்து அவர்கள் சிறு படகிலும் வலையிலும் கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கியபோது, இரவில் போட்ட வலையைக் காலையில் இழுவைமடி கிழித்துப் போயிருந்தது. இரு கரையிலும் பேசுவது ஒரே மொழி. இலங்கை நாடாளுமன்றம் 2017-ல் இழுவைமடிக்குச் சட்டப்படி தடை போட்டது. அதற்காக வருடக்கணக்கில் குரல் கொடுத்தவர்களில் வடக்கின் தமிழ் மீனவர் சங்கங்கள் முன்னால் நின்றன. இதை 'இரு நாட்டுப் பிரச்சினை' என்று மட்டும் எழுதுகிற மாணவனுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். 'தொழில் பிரச்சினை' என்று மட்டும் எழுதுகிறவனுக்கும் அதே பாதிதான்.

இன்னொன்றும் பாருங்கள். 2017-ல் பாக் நீரிணை விசைப்படகுகள் 2,000-ஐ ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல தீர்வு இல்லை. நடைமுறையில் குறியை நெருங்கவேயில்லை. இதுவரை சொன்னது உறுதி. ஏன் என்பதில் நான் சொல்லப்போவது ஊகம். மிச்ச 30 சதவீதமும் பெரிய தொகை என்பது ஒரு காரணம். ஆனால் என்னிடம் பேசியவர்கள் காசைவிட வேறொன்றை அதிகம் சொன்னார்கள். காலையில் போய் மறுநாள் காலை திரும்பும் தொழில் தெரிந்தவர்களை வாரக்கணக்கில் கடலில் கிடக்கச் சொன்னது அந்தத் திட்டம். சூரைக்குத் தூண்டில் போடுவது வேறு வித்தை, மடி இழுப்பது வேறு வித்தை. மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. என் டெல்லி நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, கடன் வசதி சரியாக இருந்தால் எல்லாரும் மாறியிருப்பார்கள் என்பார்கள். இருக்கலாம். கச்சத்தீவு திரும்பி வந்தாலும் பிரச்சினை தீராது, படகுகள் தேடிப்போகும் இறால் அந்தத் தீவைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம் இருக்கிறது என்பதும் என் கணிப்பே. மறுப்பவர்கள் உண்டு.

இரண்டு பாடமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருப்பது புதிது அல்ல. உலகின் முதல் சர்வதேச அரசியல் பேராசிரியர் பதவி வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் 1919-ல் ஏற்பட்டது, முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியதும் அதே 1919. அரசு என்பது நியாயமான வன்முறை தனக்கு மட்டுமே உரியது என்று கோரும் அமைப்பு என்று மாக்ஸ் வெபர் மியூனிக்கில் பேசியதும் அதே ஆண்டு ஜனவரியில். சர்வதேச உறவுகள் மாணவர்கள் 'அரசு' என்று எழுதும்போதெல்லாம் ஒரு சமூகவியலாளரின் வரையறையைத்தான் கடன் வாங்குகிறார்கள், பலருக்கு அது தெரியாது. பம்பாய்த் துறையைத் தொடங்கிய பாட்ரிக் கெடிஸ் அதற்கு முன்பே சென்னைக்கு வந்தவர். நகரங்களைப் பற்றி அவர் வருடக்கணக்கில் சேர்த்த வரைபடங்களும் படங்களும் 1914-ல் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? எம்டன். அதற்குச் சில வாரம் முன்னால் சென்னை மீது குண்டு போட்டு, நம் வீடுகளில் 'சரியான எம்டன்' என்று திட்டவும் பாராட்டவும் ஒரு சொல்லைக் கொடுத்த அதே ஜெர்மன் கப்பல். கெடிஸ் அசரவில்லை. நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்பியதை வைத்து அடுத்த ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். இந்தக் கதையைச் சொல்லாமல் நான் ஒரு வருடமும் வகுப்பைத் தொடங்கியதில்லை.

பாடத்திட்டத்துக்கு வருவோம். சமூகவியல் பி.ஏ.வில் முதல் ஆண்டு கொஞ்சம் வறட்சி. சமூகம் என்றால் 'சமூக உறவுகளின் வலை', குழு என்றால் இது, நிறுவனம் என்றால் இது என்று வரையறைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பல பேர் அங்கேயே சலித்துவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் மார்க்ஸ், துர்கைம், வெபர் வந்ததும் நிலைமை மாறும். தற்கொலை தனிமனிதத் துயரம் என்று நாம் நினைத்திருக்க, அதன் விகிதம் மதத்துக்கு மதம், மணமானவருக்கும் ஆகாதவருக்கும் வேறுபடுவதைக் காட்டி அதற்குள் சமூகத்தைக் கண்டுபிடித்தார் துர்கைம், 1897-லேயே. அதற்கப்புறம் இந்தியச் சமூகம்: குர்யே, எம்.என். சீனிவாஸ், ஏ.ஆர். தேசாய். தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் ஆந்த்ரே பெத்தேல் தங்கி, சாதியும் நிலமும் அதிகாரமும் எப்படி ஒன்றையொன்று விட்டு நழுவுகின்றன என்று பார்த்தார். பிரெஞ்சுக்காரரான லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர்களோடு இருந்து எழுதினார். ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கிப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நமக்குத் தெரிந்த தெரு வரும். அந்த ஒரு பக்கத்துக்காக முந்தைய நாற்பது பக்கத்தை மன்னிக்கலாம்.

சர்வதேச உறவுகளில் ஒரு காலை வரலாற்றில் வைப்பீர்கள்: உலகப் போர்கள், பனிப்போர், அணிசேராமை, ஐ.நா. மறு காலை கோட்பாட்டில். உதாரணத்துக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் திருட்டுப் பயத்தில் மதிலை உயர்த்தி கேமரா வைக்கிறார். கேமரா நம் வாசலைப் பார்க்கிறதே என்று நாமும் ஒன்று வைக்கிறோம். அவர் இன்னொன்று வைக்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் தெருவில் பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது. நாடுகள் ஆயுதம் குவிப்பதை இப்படி விளக்குகிற ஒரு சிந்தனைப் பள்ளி உண்டு. இல்லை, பேச்சும் வியாபாரமும் இந்தச் சுழலை உடைக்கும் என்பது இன்னொரு பள்ளி. 'பகை' என்பதே நாமாகக் கட்டிக்கொண்டது, வேறு மாதிரியும் கட்டலாம் என்பது மூன்றாவது. எது சரி என்று தேர்வுத்தாளில் முடிவு செய்யச் சொல்ல மாட்டார்கள். துறைக்கே அது முடிவாகவில்லை.

ஏன் முதலில் சமூகவியல் என்கிறேன்? பதினெட்டு வயதில் சர்வதேச உறவுகளை எடுக்கும் பிள்ளைகள் செய்திகளைப் பாடமாக எடுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். 'சீனா நினைக்கிறது', 'அமெரிக்கா விரும்புகிறது' என்று சரளமாக எழுதுவார்கள். சீனாவில் யார் நினைக்கிறார்கள் என்று கேட்டால் பேனா நின்றுவிடும். மூன்று வருடம் சமூகவியல் படித்தவன் அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்வான். தலைகீழாகப் படித்தும் நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள், சட்டம் எதுவும் இல்லை. என்னோடு டெல்லியில் படித்தவர்களில் பலர் வரலாறு, பொருளாதாரம் படித்து வந்தவர்கள். சமூகவியல் பி.ஏ. எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் வரலாறோ பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ எடுங்கள், குடி முழுகிவிடாது. பல மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வுதான் தீர்மானிக்கும். ஒன்றே ஒன்று, சமூகவியலையும் சமூகப்பணியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்பது தொழிற்படிப்பு, மருத்துவமனை, தொண்டு நிறுவனம், தொழிற்சாலை என்று வேறு வழியில் போகும்.

கூட்டுப் பட்டம் வேண்டாம் என்பதற்குக் கட்டணம் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் 'இணைத்தன்மை' என்று ஒரு சடங்கு உண்டு. உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிப்பில் கேட்ட பட்டத்தின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று அரசாணை காட்ட வேண்டும். என் மாணவர் ஒருவர் இப்படி அழகான புதுப் பெயருள்ள ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பாடம் நன்றாகத்தான் நடத்தினார்கள், பெயர்தான் வினையாகிவிட்டது. எல்லாக் கூட்டுப் பட்டத்துக்கும் இந்தக் கதி என்று சொல்லவில்லை. சேரும் முன் அந்தப் பட்டம் சமூகவியலுக்கோ அரசியல் அறிவியலுக்கோ இணையானது என்ற ஆணை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

மொழிக்கு வருகிறேன். தமிழ் வழியில் வந்தவனால் முடியுமா? முடியும், ஆனால் முதல் வருடம் வலிக்கும். டெல்லியில் முதல் செமஸ்டரில் ஒரு இரவுக்கு எட்டுப் பக்கத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. பக்கத்தில் லிஃப்கோ அகராதி. முதல் கட்டுரையை ஆசிரியர் திருப்பிக் கொடுத்தபோது மார்ஜின் முழுக்கச் சிவப்பு. கடைசியில் ஒரு வரி, "உங்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, ஆனால் எனக்குக் கேட்கவில்லை" என்று. என்னைக் காப்பாற்றியது ஒரு எளிய வழி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன சொன்னார்கள் என்று தமிழில் இரண்டு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிப்பேன். மொழிபெயர்ப்பு அல்ல அது, அம்மாவுக்குச் சொல்வதுபோல. மூன்றாவது செமஸ்டரில் வேகம் தானாக வந்தது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் பல பேருக்குச் சொற்கள் தெரிந்தும் அந்த இரண்டு வரி எழுத வராது என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

தமிழ் வழி என்பதில் கணக்கும் ஒன்று இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 சட்டத்தால் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கும் பதவிகளுக்குப் பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இப்போது உங்கள் கையில் பன்னிரண்டு வருடச் சொத்து இருக்கிறது. பி.ஏ.வை ஆங்கில வழியில் எடுத்தால் குரூப் 1, குரூப் 2 போன்றவற்றில் அது கரைந்துவிடும். ஆராய்ச்சி, டெல்லி, வெளியுறவு என்று போவதானால் ஆங்கில வழி சீக்கிரம் பழக்கும். மாநில அரசு வேலைதான் குறி என்றால் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தைப் பக்கவாட்டில் வளர்ப்பது புத்திசாலித்தனம். இதை உங்களுக்காக நான் தீர்மானிக்க முடியாது. மத்தியப் பல்கலைக்கழக இளங்கலை நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். முதுகலையில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள், கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் மறக்காமல் விண்ணப்பியுங்கள்.

வேலை. சர்வதேச உறவுகள் படித்தால் ஐ.எஃப்.எஸ். ஆகலாம் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. இந்திய வெளியுறவுப் பணிக்கு ஒரே வாசல் சிவில் சர்வீசஸ் தேர்வு, அதை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். 2023 தேர்வில் பரிந்துரைக்கப்பட்ட 1,016 பேரில் வெளியுறவுப் பணிக்கு 37 இடம். படிப்பின் பயன் வேறு விதமானது. அந்தத் தேர்வின் விருப்பப் பாடங்களில் சமூகவியல் ஒன்று, அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்தது இன்னொன்று. எதை எடுத்தாலும் 500 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், முதல்நிலை வினாத்தாள் மட்டும் ஆங்கிலம், இந்தி. நெட்டில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்டம் செய்யலாம். சென்னையிலேயே 1971-ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் கணக்கெடுப்பு நிறுவனம், பத்திரிகை, தொண்டு நிறுவனம், வங்கித் தேர்வு, பள்ளி என்று சிதறிப்போனார்கள். படித்த பாடத்தின் பெயரிலேயே வேலை பார்ப்பவர்கள் சிலர்தான். முதல் மூன்று நான்கு வருடம் பொறியியல் படித்த நண்பனைவிடக் குறைவாகச் சம்பாதிப்பீர்கள் என்பதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் சண்டையாகும்.

அப்பா சொன்ன டீக்கடைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊர்க் கதையும் உலகக் கதையும் அங்கே கிடைக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் உள்ள முடிச்சு கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலேயே அந்த முடிச்சு இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27-ம் தேதி இன்னொரு 25 சேர்த்தது. அதுவரை நம்மிடம் ஆர்டர் கொடுத்துவந்த வெளிநாட்டுப் பையர்கள் பங்களாதேஷையும் வியட்நாமையும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் நடந்தது எப்படித் திருப்பூரில் ஒரு கட்டிங் டேபிளை எட்டுகிறது என்பது சர்வதேச உறவுகள். எட்டியதும் கம்பெனியில் யார் தலையில் முதலில் இறங்குகிறது என்பது சமூகவியல்.

எனவே இன்று ராத்திரி அப்பா சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எந்த மாதம் ஒன்றரை ஷிப்ட் நின்றது, முதலில் யாரை 'ஒரு வாரம் கழித்து வாங்க' என்றார்கள், ஓவர்லாக்கில் இருந்தவர்களையா, செக்கிங் பெண்களையா, வடக்கிலிருந்து வந்த பையன்களையா, காண்ட்ராக்டில் பவர்டேபிள் ஓட்டியவர்களையா, அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். மாதத்தைச் சரியாகச் சொல்ல வராவிட்டால், தீபாவளி போனஸுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், நினைவு வரும். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு தேதி போடுங்கள்.